சிவகாமு விட்டுப்போன கத்தி

கடலூர் ஓல்ட் டவுனில், துறைமுகத்துக்குப் போகிற சாலையில், சுப்பராயலு மடக்குக் கத்தி செய்துகொண்டிருந்தார். செய்து அடுக்கி வைத்து விற்கிற வழக்கம் அவரிடம் இல்லை. கேட்டு வருகிறவரின் கையைப் பார்த்து, எதற்கு வேண்டும் என்று விசாரித்து, அந்தக் கைக்கென்றே செய்வார். வலை பின்னுகிறவருக்கு ஒரு மாதிரி, காடாம்புலியூர் பலாத் தோப்புக்காரருக்கு வேறு மாதிரி.

1940 தை மாதத்தில் சிதம்பரத்திலிருந்து நடனசபாபதி என்கிற இளைஞர் வந்தார். மலாயாவில் ரப்பர் தோட்டம் ஒன்றில் அவருக்குக் கணக்கு எழுதுகிற கிராணி வேலை கிடைத்திருந்தது. சின்ன வயதில் கிணற்று உருளையில் சிக்கி, வலது கை ஆட்காட்டி விரல் மடங்காமலே நின்றுவிட்டது. கடைக் கத்தி எதையும் அவரால் திறக்க முடியவில்லை. அதில் அலகைப் பிடித்து நிறுத்துகிற வில் அழுத்தமாக இருக்கும். பெருவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து இழுத்தால்தான் அலகு வெளியே வரும். போகிற இடத்தில் ஒரு பழம் நறுக்கக்கூட இன்னொருவரைக் கூப்பிடக் கூச்சமாக இருக்கும் என்றார்.

சுப்பராயலு அவர் கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரயில்வேயில் கழித்துப் போட்ட அரம் ஒன்றைக் காய்ச்சி அலகு அடித்தார். எருமைக் கொம்பைச் சூடாக்கி அமுக்கிப் பிடி செய்து, நீட்டின விரல் படிந்து கிடக்க ஒரு பக்கத்தில் பள்ளம் எடுத்தார். வில்தான் படாதபாடு படுத்திவிட்டது. மெலிதாக்கினால் அலகு திறந்தபடி நிற்கவில்லை. கனமாக விட்டால் பெருவிரலுக்கு மசியவில்லை. பழுக்கக் காய்ச்சித் தோய்க்கும்போது ஒன்று உடைந்தது. பொருத்தும்போது இன்னொன்று உடைந்தது. கடைசியில் உள்பக்கமாக, நடுவில் மட்டும் பிறை மாதிரி அராவிப் பார்த்தார். பெருவிரல் ஒன்றே போதும் என்கிற மாதிரி அலகு எழுந்து நின்றது. அப்படி ஒரு வில்லை அதற்கு முன்னாலும் பின்னாலும் அவர் செய்ததில்லை.

கத்தியை வாங்கிப்போக நடனசபாபதி மனைவியோடு வந்தார். சிவகாமுவுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பட்டறையிலேயே ஒரு கொய்யாப்பழத்தை நடனசபாபதி நறுக்கினார். முதல் துண்டைச் சுப்பராயலுவின் மனைவி பட்டம்மாளுக்குக் கொடுத்துவிட்டு, இதுவரைக்கும் எல்லாவற்றுக்கும் தன்னைத்தான் கூப்பிடுவார், இனிமேல் கூப்பிடமாட்டார் என்று சிவகாமு குறைபட்டுக்கொண்டாள். குறைபட்டவள் சிரித்தாள். அவர் நாகப்பட்டினத்தில் கப்பலேறினார். அடுத்த வருஷம் அவளையும் அழைத்துக்கொள்வதாக ஏற்பாடு.

அது தள்ளிக்கொண்டே போனது. அதற்குள் சண்டை மலாயாவுக்கும் வந்துவிட்டது. மலாயா ஜப்பான்காரன் கைக்குப் போனபிறகு அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

சண்டை முடிந்து, 1946 ஆவணியில், நடனசபாபதியின் அண்ணன் குஞ்சிதபாதம் பட்டறைக்கு வந்தார். மடியிலிருந்து ஒரு துணியை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு மடக்குக் கத்தி. கொம்புப் பிடியில் விரல் பள்ளம் இருந்திருக்க வேண்டிய பக்கம் காணாமல் போய், அந்த இடத்தில் மூங்கில் பட்டையை வைத்துச் செப்புக் கம்பியால் கட்டியிருந்தது. அலகு தீட்டித் தீட்டிப் பாதியாகிவிட்டிருந்தது.

சேத்தியாத்தோப்பு அந்தோணிசாமி என்பவர், ஜப்பான்காரன் தோட்டத்து ஆட்களைப் பிடித்துப்போய்ப் போட்ட சயாம் ரயில் பாதை வேலையிலிருந்து பிழைத்துத் திரும்பியிருந்தார். அவர்தான் இதைக் கொண்டுவந்து கொடுத்தாராம். சிதம்பரத்துக் கிராணி ஒருவர் வாந்திபேதியில் போய்விட்டார், அவர் வைத்திருந்தது என்று பக்கத்துக் கொட்டகைக்காரர் சொல்லிக் கொடுத்தாராம். இறந்தவரை அந்தோணிசாமி நேரில் பார்த்ததில்லை. பெயரும் தெரியாது.

சுப்பராயலு செப்புக் கம்பியை அவிழ்த்தார். மூங்கிலை நீக்கி உள்ளே பார்த்தார். துருவுக்கு நடுவில் வில் பிறை மாதிரி வளைந்து கிடந்தது. கம்பியைத் திரும்பக் கட்டும்போது இரண்டு தடவை தப்பாகச் சுற்றினார்.

குஞ்சிதபாதம் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு சொன்னார்.

"செஞ்சவரைக் கேட்டாத்தான் நம்புவேன்னு சிவகாமு ஒத்தக்கால்ல நிக்கிறா. நாளைக்கு அழைச்சிக்கிட்டு வர்றேன். இது ஒங்க கத்தி இல்லன்னு சொல்லிடுங்க."

"அது எப்படிங்க?"

"பொட்டோட பூவோட இருக்கட்டும் சுப்பராயலு. இருவத்தி நாலு வயசு. எங்க வீட்டுல அவளை மூலையில ஒக்கார வைக்கிறதை நான் பாக்க மாட்டேன்."

சுப்பராயலு சரி என்றார். அப்போது அது தர்மமாகத்தான் பட்டது.

மறுநாள் சிவகாமு வந்தாள். முன்பு பார்த்ததற்கு இளைத்திருந்தாள். கத்தியை எடுத்து அவரிடம் நீட்டினாள். சுப்பராயலு அதை வெளிச்சத்தில் பிடித்து, பார்க்கிற பாவனையாகப் பார்த்தார். இது தன் கைவேலை இல்லை, பினாங்குப் பக்கம் கடையில் விற்கிற சரக்கு என்றார். வார்த்தை தடங்கல் இல்லாமல் வந்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

சிவகாமு சுவரைப் பிடித்துக்கொண்டாள். பட்டம்மாள் ஓடிப்போய் மோர் கொண்டுவந்தாள். சிவகாமு அதைக் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக் குடித்தாள். அந்தோணிசாமி வந்து போனதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்று குஞ்சிதபாதம் சொன்னார். கிளம்பும்போது கத்தியை எடுத்துச் சுப்பராயலுவிடமே கொடுத்தாள்.

"இதை நான் கொண்டுபோவக் கூடாதுங்க. வேற ஒருத்தி வீட்டுக்காரருது. கத்தின்னா எல்லாரும் ஒங்களைத்தானே தேடி வராங்க. அவ வந்தா குடுத்துடுங்க. பாவம், அவளுக்கு இன்னும் தெரியாது."

அவர்கள் போனபிறகு சுப்பராயலு அன்று வேலை செய்யவில்லை.

கத்தி பட்டறையில், அரங்கள் வைக்கிற மாடத்தில் கிடந்தது. சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு யார் வந்தாலும் சிவகாமு அவர்கள் மூலம் விசாரித்தாள். அந்தப் பெண் வந்தாளா? கத்தியை வாங்கிக்கொண்டாளா? இல்லை என்று சுப்பராயலு சொல்லி அனுப்பினார். நடராஜர் சன்னதியில் கணவருக்கு அர்ச்சனை செய்யும்போதெல்லாம், பேர் தெரியாத அந்தப் பெண்ணுக்காகவும் ஒரு விளக்கு ஏற்றுகிறாள் என்று ஒருமுறை யாரோ சொன்னார்கள். அதைக் கேட்டுவிட்டுச் சுப்பராயலு சோற்றில் கை வைத்தபடியே இருந்தார்.

"போய்ச் சொல்லிடுங்க. இது நமக்கு ஆவாது," என்றாள் பட்டம்மாள்.

குஞ்சிதபாதத்துக்கு வாக்குக் கொடுத்தாயிற்றே என்றார் அவர்.

1947 புரட்டாசியில் குஞ்சிதபாதமே கலங்கிப்போய் வந்தார். சிவகாமு மலாயாவுக்குப் புறப்படுகிறாளாம். தெரிந்த குடும்பம் ஒன்று பினாங்குக்குத் திரும்பிப் போகிறது, அவர்களோடு கப்பலேறித் தோட்டம் தோட்டமாகத் தேடப்போகிறாளாம். எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லையாம்.

"நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்லுவேன்? ஒரு வருஷமா ஒரே வீட்டுல அவ கையால சாப்பிட்டேன்," என்று அழுதார்.

சுப்பராயலு மாடத்திலிருந்து கத்தியை எடுத்தார். இருவரும் மத்தியான ரயிலில் சிதம்பரம் போனார்கள்.

தெற்கு வீதியில் வீடு. கூடத்தில் தகரப் பெட்டி திறந்திருந்தது. சிவகாமு புடவைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். சுப்பராயலுவைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. அந்தப் பெண் கிடைத்துவிட்டாளா என்று கேட்டாள்.

அவர் தரையில் உட்கார்ந்தார். கத்தியை அவள் முன்னால் வைத்தார்.

"நான் பொய் சொல்லிட்டேன் தாயீ. இது நான் செஞ்சது. அவருக்குச் செஞ்சது."

வில்லைப் பற்றி, அதில் எடுத்த பிறையைப் பற்றி, அப்படி வேறு யாருக்கும் செய்யாததைப் பற்றி எல்லாம் தலை குனிந்தபடியே சொன்னார். குஞ்சிதபாதம் வாசல் நிலையில் சாய்ந்து நின்று, குற்றம் தன்னுடையது, அவர் மேல் இல்லை என்றார்.

சிவகாமு மடித்துக்கொண்டிருந்த புடவையை மடித்து முடித்தாள். அதைப் பெட்டிக்குள் வைத்தாள். பிறகு கத்தியை எடுத்துப் பெருவிரலால் தள்ளிப் பார்த்தாள். துருவேறியிருந்ததால் அலகு பாதியில் நின்றது.

"அந்தப் பொண்ணுக்காக எவ்வளவு அழுதிருப்பேன் தெரியுமா மாமா?" என்று குஞ்சிதபாதத்தைப் பார்த்துக் கேட்டாள். "அது நான்தானா?"

அவர் முகத்தை மூடிக்கொண்டார். அவள் உரக்க அழவில்லை. அழுது முடித்துவிட்டவள் மாதிரி இருந்தாள். வெளியே யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். சுப்பராயலுவிடம், இந்த வீட்டில் யாரும் இனி தனக்கு நல்லது செய்வதாக நினைத்து எதையும் மறைக்க வேண்டாம், தான் கேட்பது அது ஒன்றுதான் என்றாள். அவரைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். அவரால் முடியவில்லை.

நடனசபாபதிக்குக் காரியங்கள் கொள்ளிடக் கரையில் நடந்தன. சுப்பராயலு போய்க் கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். சிவகாமு கத்தியை யாரிடமும் கொடுக்கவில்லை, ஆற்றிலும் விடவில்லை. குஞ்சிதபாதம் ஒரு விஷயத்தில் மட்டும் உறுதியாக நின்றார். உறவுக்காரர்கள் என்ன சொன்னாலும் அவளை மூலையில் உட்கார வைக்க விடவில்லை. விழுப்புரத்தில் வாத்தியார் பயிற்சிக்கு அனுப்பிவைத்தார். அவள் போனாள். ஆனால் அதன்பிறகு அவரிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை என்று அவரே ஒருநாள் சுப்பராயலுவிடம் சொன்னார். சொல்லும்போது குறை மாதிரிச் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, குமராட்சியில் ஒரு துக்கத்துக்குப் போய்விட்டுச் சிதம்பரம் ஸ்டேஷனில் சுப்பராயலு ரயிலுக்குக் காத்திருந்தார். சிவகாமு குடையோடு வந்தாள். வெள்ளைப் புடவை. நெற்றியில் திருநீறு. சேத்தியாத்தோப்பில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் இருப்பதாகச் சொன்னாள். பட்டம்மாளைப் பற்றி விசாரித்தாள். மூட்டுவலி ஜாஸ்தியாகிவிட்டது என்றார் அவர். வெள்ளாற்றில் தண்ணீர் ஏறியிருப்பதைப் பற்றி அவள் கொஞ்சம் பேசினாள். கத்தியைப் பற்றி இருவரும் பேசவில்லை.

ரயில் வந்தது. அவருக்கு ஏற வசதியாக மூட்டையை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

"பாத்துப் போங்க," என்றாள்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. கூட்டம் நெருக்கியது. ஜன்னல் பக்கம் இடம் பிடித்து எட்டிப் பார்த்தபோது, அவள் மழைக்குக் குடையை விரித்துக்கொண்டு மேடையின் மறுகோடியில் நடந்து போய்க்கொண்டிருந்தாள்.