நான் துப்புரவு செய்த மெனு

2008ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதுளையில் ஒரு பயிற்சி நிலையத்தில் கணினி ஆசிரியராக இருந்தேன். இரண்டே கணினிகள், இரண்டிலும் லினக்ஸ். அக்கம்பக்கத்தில் வேறு யாருக்கும் அது தெரியாததால், எனக்கு எல்லாம் தெரியும் என்று நானே நம்பிவிட்டேன்.

ஒரு வியாழக்கிழமை காலை, முதலாவது கணினியின் மெனு எனக்குப் பிடிக்கவில்லை. விளையாட்டுகள், யாரும் தொடாத கருவிகள் என்று ஒரே நெரிசல். மெனுவுக்குரிய கோப்புகள் இருந்த இடத்தைத் தேடிப்பிடித்தேன். ஒவ்வொன்றாக அழிக்கப் பொறுமையில்லை. எல்லாவற்றையும் அழித்தால் வேண்டியதை லினக்ஸே மறுபடி உண்டாக்கிக்கொள்ளும் என்று முடிவுகட்டினேன். யார் சொன்னது? ஒருவரும் சொல்லவில்லை. கடவுச்சொல்லைக் கொடுத்துக் கட்டளையைத் தட்டினேன்.

மெனு துப்புரவாகிவிட்டது. ஒன்றுமே மிஞ்சவில்லை.

அந்த நேரம் பார்த்து என் மாணவி ஜெயலெட்சுமி வந்தார். தேயிலைத் தோட்டத்தில் பிள்ளை மடுவம் பார்ப்பவர். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகள் பகலில் அவரிடம்தான். மடுவத்துக் கூரை ஒழுகுவதைப் பற்றி மூன்று வாரமாக அந்தக் கணினியில் ஒற்றை விரலால் ஒரு மனுத் தட்டியிருந்தார். அன்று மூன்று மணிக்குள் அதை மாவட்டச் செயலகமான கச்சேரியில் கொடுக்க வேண்டும்.

மனுவின் மேல் சொடுக்கினார். திறக்கவில்லை.

“என்னாங்க சார், ஒன்னையும் காணோம்?”

“ஒண்டும் இல்லை அக்கா, சின்னத் திருத்தவேலை.”

ஒரு மணிநேரம் கணினியை நிறுத்தி நிறுத்திப் போட்டேன். வேறு வைத்தியம் தெரியவில்லை; பக்கத்திலேயே இன்னொரு கணினி இருப்பதுகூட நினைவுக்கு வரவில்லை. கடைசியில் லினக்ஸையே புதிதாகப் போடுவதென்று சீடியை எடுத்தேன்.

“புதுசாப் போட்டா என் மனு இருக்குமா?” என்று கேட்டார்.

இருக்காது. அது அதுவரை எனக்கு உறைக்கவேயில்லை. சீடியைக் கீழே வைத்தேன். “மெனுவில இருந்த பேரெல்லாத்தையும் நான்தான் அழிச்சுப்போட்டன், அக்கா.”

அவர் கோபப்படவில்லை; யோசித்தார். “பேரைத்தானே அழிச்சீங்க? காலைல வேலைக்கு ஆளெடுக்கிற பெரட்டுல பேரு கூப்பிடலைன்னா ஆளு லயத்து வீட்டுல இல்லாமயா போயிரும்? நீங்களே கூப்பிட்டுப் பாருங்க சார்.”

மூன்று வருடம் கணினி படித்தவனுக்கு அது தோன்றவில்லை. ஆல்ட்டையும் எஃப் இரண்டையும் சேர்த்து அழுத்தி, வந்த சின்னப் பெட்டியில் கடிதம் எழுதும் செயலியின் பெயரைத் தட்டினேன். பரம சாதுவாகத் திறந்துகொண்டது. அதற்குள்ளிருந்து மனுவைத் திறந்து அச்செடுத்தேன். பதற்றத்தில் முதற்பக்கம் மட்டும் நான்கு பிரதி வந்தது. அதில் ஒன்றை மற்றப் பக்கங்களோடு வாங்கிக்கொண்டு, “மத்தத நீங்க வச்சுக்கங்க,” என்று சொல்லிவிட்டுக் கச்சேரிக்கு ஓடினார்.

மற்றக் கணினியிலிருந்து அந்தக் கோப்புகளைப் பென்டிரைவில் கொண்டுவந்து போட்டதும் மெனு மீண்டது. வேறு எதிலும் கை வைக்காமல் எழுந்துவிட்டேன்.

இரண்டு மாதத்தில் மடுவத்துக்குப் புதுத் தகரம் வந்தது.

நிலையத்துக்கான மாத அறிக்கையில், ‘கணினிப் பழுதுபார்த்தல் பற்றிய செய்முறை வகுப்பு நடைபெற்றது’ என்று எழுதினேன். வகுப்பு நடத்திய வளவாளரின் பெயர் கேட்ட இடத்தில் பழக்கதோஷத்தில் என் பெயரை எழுதி, பிறகு வெட்டிவிட்டு ஜெயலெட்சுமி என்று போட்டேன். பங்குபற்றிய மாணவர் தொகை: ஒன்று.