விரிப்பின் மறுமுனை

"இனிமே உன்னைக் குச்சின்னு கூப்பிட்டா ஊரே சிரிக்கும்டி."

"உன்னைப் பூசணின்னு கூப்பிட்டா மட்டும்? கொடியே காஞ்சு போய் நிக்குது."

பேருந்து நிலையத்தில், இறங்கியவர்கள் இடித்துக்கொண்டு போகும் வழியிலேயே இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பள்ளி விடுதியில் ஒட்டிக்கொண்ட பெயர்கள் அவை. ஐம்பதைத் தாண்டுவதற்குள் உடம்புகள் இடம் மாறிவிட்டன. பெயர்கள் மட்டும் பழைய இடத்திலேயே தங்கிவிட்டன.

குச்சி ஓர் இரவு முழுக்க ரயிலிலும் பாதிப் பகல் பேருந்திலும் வந்திருந்தாள். கால் வீங்கி, செருப்பு வார் தோலில் பதிந்திருந்தது. பூசணி பையை வாங்கக் கை நீட்டினாள். நீட்டியது இடது கை. வலது கை உடம்போடு ஒட்டியே இருந்தது.

"கைக்கு என்னடி?"

"ஒண்ணுமில்ல. வா, ஆட்டோக்காரர் கத்தறார்."

குச்சி ஒரு கண் மருத்துவரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருந்தவள். பெயர் கூப்பிடுவாள், சொட்டு மருந்து விட்டு வரிசையாக உட்கார வைப்பாள், "கண்ணைத் திறக்காதீங்க தாத்தா" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பாள். மருத்துவருக்கு வயதாயிற்று. கிளினிக்கைப் பூட்டிவிட்டு மகனோடு போய்விட்டார். இப்போது பெரிய கண் மருத்துவமனை ஒன்றில் அதே வேலைக்குப் போய்ப் பேசிவிட்டு வந்திருந்தாள். கேள்வி கேட்ட பெண்ணுக்கு இவள் மகள் வயதுதான் இருக்கும். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, கடைசியில் அந்தப் பெண் "சொல்லி அனுப்பறோம் ஆன்ட்டி" என்று சொல்லும்வரை.

வேலை போனதும் வாடகை அறையைக் காலி செய்துவிட்டுத் தம்பி வீட்டில் இருந்தாள். தம்பி மனைவி நல்லவள். நல்லவளாக இருப்பதுதான் சங்கடம். தினமும் காலையில் காபியை நீட்டிக்கொண்டே, "ஏதாவது தகவல் வந்துச்சா அண்ணி?" என்பாள்.

"கடவுள்கிட்ட விட்டுட்டேம்மா."

"விட்டது சரிதான்க்கா," என்பான் தம்பி. "ஃபோனையாவது சார்ஜ்ல போடு."

வேலை கிடைத்தால் சொந்தமாக ஒரு அறை, ஒரு சாவி, யாரும் எதுவும் கேட்காத ஒரு காலை. கிடைக்காவிட்டால் ஆயுசுக்கும் அந்தக் காபி. உண்மையாகவேதான் கடவுளிடம் விட்டிருந்தாள். ஆனால் விட்டுவிட்டுச் சும்மா இருப்பதற்கும் உடம்பில் தெம்பு வேண்டியிருக்கிறது. கேள்வியே இல்லாத இடத்தில் நாலு நாள் படுத்துக் கிடக்கலாம் என்றுதான் இவ்வளவு தூரம் வந்தாள்.

வாசலில் கால் வைத்ததும் பூசணியின் கணவர் கேட்டார்:

"வாம்மா தங்கச்சி! வேலை என்னாச்சு?"

"ஏங்க, வந்தவளுக்குத் தண்ணியாவது கொடுங்களேன் முதல்ல," என்றாள் பூசணி.

அவரைத் தெருவே டிரைவர் என்றுதான் கூப்பிடும். பஸ் ஓட்டி முதுகு போய், ஓய்வு வாங்கிக்கொண்டவர். வீட்டின் முன்பக்கத்தில் பூசணி நடத்தும் சலவைக்கடையில், தெருவைப் பார்த்த நாற்காலி அவருடையது. போகிற வருகிற வண்டிகளுக்கெல்லாம் மதிப்பெண் போடுவார். "பார், கியர் மாத்தற லட்சணத்தை!"

கடைக்கு வருவதெல்லாம் லாட்ஜ் துணிகள். மூட்டை மூட்டையாகப் படுக்கை விரிப்புகள், தலையணை உறைகள். மொட்டைமாடியில் காய்ந்ததும் கீழே வந்து குவியும். சுவரில் தோள் உயரத்துக்கு இரண்டு பெரிய கிளிப்புகள் ஆணியடித்து மாட்டப்பட்டிருந்தன.

"இது எதுக்குடி?"

"ஒத்தை ஆளா மடிக்கறதுக்கு. ஒரு முனையை அதுல மாட்டிட்டு, மறுமுனையை நான் இழுத்துப் பிடிப்பேன்."

"உதவிக்கு ஒரு பொண்ணு இருந்தாளே?"

"கல்யாணம் ஆகிப் போயிட்டா."

குச்சி கிளிப்பிலிருந்து விரிப்பைக் கழற்றித் தன் கையில் பிடித்துக்கொண்டாள். படுக்க வந்தவள் நின்றுவிட்டாள். முனையைப் பிடி, இழு, உதறு, நாலடி நட, அவள் கையில் கொடு, கீழே தொங்கும் மடிப்பை எடு, மறுபடி பின்னால் போ. எதிரெதிராக வந்து விரல்கள் தொட்டு விலகும்போதெல்லாம் ஏதாவது ஒன்று பேசிக்கொண்டார்கள். விடுதியின் வார்டன், தொலைந்துபோன ஒற்றைச் செருப்பு, யார் யார் போய்விட்டார்கள். எல்லாம் பேசினாள் பூசணி. வேலையைப் பற்றி மட்டும் கேட்கவில்லை.

முதல் நாள் அது சுகமாக இருந்தது. இரண்டாம் நாள் முள்ளாகக் குத்தியது. ஊரில் இருக்கிறவனெல்லாம் கேட்கிறான், இவளுக்குக் கேட்கத் தோன்றவில்லையே.

அவளுக்குக் கொடுத்த பின்னறையும் புதிராக இருந்தது. புதுக் கட்டில், புது மெத்தை, காலி செய்து தாள் விரித்த அலமாரி.

"யாராவது வரப் போறாங்களாடி?"

"நீதான் வந்திருக்கியே."

"நாலு நாளைக்கு எனக்கு எதுக்கு அலமாரி?"

"பையிலயே வச்சா துணி கசங்கும்," என்று சொல்லிவிட்டுப் பூசணி வேகமாகப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் மத்தியானம். இரட்டைக் கட்டில் விரிப்பு ஒன்றை இருவரும் இழுத்துப் பிடித்திருந்தார்கள். குச்சி ஒரு கையை விட்டு, இடுப்பில் செருகியிருந்த ஃபோனை எடுத்துப் பார்த்தாள்.

"கடவுள்கிட்ட விட்டுட்டேன்கறே," என்றார் டிரைவர், தெருவிலிருந்து கண்ணை எடுக்காமல். "அப்புறம் எதுக்கு அதை எட்டி எட்டிப் பார்க்கறே? அவர் என்ன மிஸ்டு கால் கொடுக்கப் போறாரா?"

"அவர் கொடுக்க மாட்டார்ண்ணா. அவர் சொன்னா அந்தப் பொண்ணு கொடுப்பா."

"அது வராதும்மா. கிளிப்பைக் கழட்டிப் போட்டுட்டு நிம்மதியா இங்கேயே இரு. இவதான் தினமும் வேண்டிக்கறாளே, உனக்கு அந்த வேலை அமையக் கூடாதுன்னு."

விரிப்பு இருவர் நடுவிலும் விறைப்பாக நின்றது.

"ஏன், தெரியாதா?" டிரைவர் திரும்பினார். "நான் என்னமோ ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டதுதான்னு நினைச்சேன்."

"நிஜமாடி?"

"மூலையைச் சரியாப் பிடி. கோணுது பார்."

"கோணட்டும். நிஜமா?"

"ம்."

"தினமுமா?"

"நடுவுல ஒரு நாள் காய்ச்சல். அன்னிக்கு வேண்டல."

"எனக்காக வேண்டிக்கோன்னு ஃபோன்ல அழுதேனே! சரிடி, தினமும் வேண்டறேன்னு சொன்னியே!"

"உனக்காகத்தான் வேண்டினேன்."

"எனக்கு எதிரா வேண்டினே! நான் அங்க உட்கார்ந்து எழுத எழுத, நீ இங்க உட்கார்ந்து ரப்பர் வச்சு அழிச்சிருக்கே."

"ஒருத்தி வேணுங்கறா, ஒருத்தி வேணாங்கறா," என்றார் டிரைவர். "அவர்தான் என்ன பண்ணுவார் பாவம்? ரெண்டு மனுவையும் கட்டி ஓரமா வச்சிருப்பார்."

"நீங்க சும்மா இருங்க!" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

குச்சி அழுக்கு மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். கோபப்படவும் உடம்பில் ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும்.

"நான் ஒரு முனையைப் பிடிச்சிருக்கேன், மறுமுனையை நீ பிடிச்சிருக்கறதா நினைச்சுக்கிட்டிருந்தேன்டி," என்றாள். "எல்லாரும் என்னைக் கேட்டாங்க. எனக்காகக் கேட்டது நீ ஒருத்திதான்னு நம்பிட்டிருந்தேன்."

பூசணி விரிப்பைச் சுருட்டி மடியில் போட்டுக்கொண்டு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"தோள்பட்டை உறைஞ்சு போச்சுங்கறார் டாக்டர். இதுக்கு மேல கை போகாது." வலது கையை இடுப்பிலிருந்து ஒரு சாண் தூக்கிக் காட்டினாள். "தலை வாரறதே இடது கையால. கடையை மூடவும் மனசு வரல."

"என்னைக் கூப்பிட்டிருந்தா வந்திருப்பேனே!"

"அதுக்குத்தான் கூப்பிடல. நான் கூப்பிட்டு நீ வந்தா, என்மேல பாவப்பட்டு வந்த மாதிரி. அந்த வேலை கிடைக்காம நீயா வந்தா, நான் உனக்கு இடம் கொடுத்த மாதிரி. எனக்கும் கொஞ்சம் கௌரவம் வேணாமா?"

"உன் கௌரவத்துக்கு என் வேலைதான் கிடைச்சுதா?"

"தப்புதான். திட்டிடு."

"நாளைக்குத் திட்டறேன். இப்போ முடியல. அந்தப் பொண்ணு என்னை ஆன்ட்டின்னு கூப்பிட்டப்பவே பாதி உசிர் போச்சு. மீதியை நீ எடுத்துட்டே."

அன்று மீதி விரிப்புகளைப் பேசாமலே மடித்தார்கள்.

மறுநாள் காலை, கடை திறக்கும் முன் குச்சி முகம் கழுவ எழுந்து வந்தாள். சமையலறை ஜன்னலருகில் பூசணி கண்ணை மூடி நின்றிருந்தாள். அவளுக்கு மனதுக்குள் பேசிப் பழக்கமில்லை, விடுதியிலும் அப்படித்தான். பக்கத்துப் படுக்கைக்கெல்லாம் கேட்கும்.

"சரி, அவளுக்கே கொடுத்துடு. நான் முன்னாடி சொன்னது எதையும் மனசுல வச்சுக்காதே. வலியில உளறினதா நினைச்சுக்கோ. நல்ல நாற்காலியா கொடுக்கச் சொல்லு, அவளுக்குக் கால் வீங்குது. இன்னொண்ணு, அந்தப் பொண்ணு அவளை ஆன்ட்டின்னு கூப்பிடக் கூடாது."

குச்சி ஓசைப்படாமல் அறைக்குத் திரும்பிப் புதுக் கட்டிலில் உட்கார்ந்தாள். வழக்கமாகச் சொல்லும் வார்த்தைகளைத் தேடினாள். வரவில்லை. 'அந்த வேலை' என்று ஆரம்பித்தால் அந்த ஒரு சாண் உயரக் கைதான் கண்முன் வந்தது.

"இவளுக்கு ஒரு ஆளை அனுப்பு," என்று வேண்டினாள். "கையைத் தூக்க முடிஞ்ச ஆளா." அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. எழுந்து கடைக்குப் போனாள்.

முதல் மூட்டை பாதி முடிந்திருந்தது. குச்சியின் இரண்டு கையிலும் விரிப்பின் முனைகள். இடுப்பில் ஃபோன் அதிர்ந்தது.

"எடுடி!"

"ஷீட் கீழ விழுந்துடும்டி, வெள்ளை!"

"விழட்டும்! மறுபடி துவைச்சுக்கலாம். எடு!"

விரிப்பு தரையில் விழுந்தது. குச்சி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, "சரிம்மா," "வந்துடறேம்மா," "புரியுதும்மா" என்று மூன்று விதமாகச் சொன்னாள். பிறகு ஃபோனை மேசைமேல் வைத்தாள்.

"என்னடி?"

"திங்கக்கிழமை வரச் சொல்றாங்க. மூணு மாசம் வச்சுப் பார்த்துட்டு அப்புறம் நிரந்தரமாம்."

பூசணி விரிப்பைத் தாண்டி அவளருகே வந்தாள்.

"ஒரே ஒரு தரம்தான்டி கேட்டேன். அத்தனை நாள் கேட்டது அவர் காதுல விழல. தூக்கத்துல எழுந்து அரைமனசா கேட்டது மட்டும் உடனே விழுந்துடுச்சு பார்!" சிரிக்க ஆரம்பித்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னும் ஆன்ட்டின்னுதான் கூப்பிடறா."

"அதையும் சேர்த்துத்தானே கேட்டேன்!"

"தெரியும், கேட்டுச்சு. எல்லாம் ஒரே நாள்ல நடக்குமா?"

"சந்தோஷமா இருக்கியாடி?"

குச்சி யோசித்துப் பார்த்தாள். கடவுளுக்கு மனதார நன்றி சொல்லியிருந்தாள். சாவியும் அறையும் கண்ணில் தெரிந்தன. சந்தோஷம் எங்கோ பின்னால், மூட்டை தூக்கிக்கொண்டு மெதுவாக வந்துகொண்டிருந்தது.

"தூக்கமா வருதுடி," என்றாள்.

விரிப்பு தரையிலேயே கிடந்தது. பூசணியால் எடுத்து உதற முடியாது. குச்சி எடுக்கவில்லை. டிரைவர்தான், "வெள்ளைத் துணியை மிதிச்சுத் தொலைக்காதீங்க," என்று முனகிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்து, இரண்டு மூலைகளையும் தேடி எடுத்து, உதறி, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். கை இரண்டும் தலைக்கு மேலே போயிற்று.

குச்சி அந்தக் கைகளையே பார்த்தாள்.

"அண்ணா, அப்படியே நில்லுங்க. பூசணி, அந்தப் பக்கத்து முனையைப் பிடி."

"நானா?" என்றார் டிரைவர். "எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா."

"ரிவர்ஸ் தெரியும்ல? ரிவர்ஸ்ல போங்க."

"ரிவர்ஸ் எனக்கா சொல்லித் தர்றே? முழு பஸ்ஸை மாட்டுக்கும் மதிலுக்கும் நடுவுல சொருகினவன் நான்!" திரும்பிப் பார்க்காமல் நேராகப் பின்னால் நடந்து சுவருக்கு ஓரடி முன்னால் நின்றார். விரிப்பு சுருக்கமில்லாமல் விறைத்தது.

பூசணி இடுப்பு உயரத்தில் தன் முனையைப் பிடித்தபடி அவரை முறைத்தாள்.

"இது இவ்வளவு சுலபமா வருமா உங்களுக்கு? நான் சுவத்துல ஆணி அடிச்சு மடிச்சுக்கிட்டிருந்தேன். நீங்க அங்க உட்கார்ந்து லாரி பார்த்துக்கிட்டிருந்தீங்க!"

"நீ கூப்பிடவே இல்லையே."

"கூப்பிடணுமா?"

"கூப்பிட்டாத்தானே வருவாங்க? முதுகு வலிக்காரன், தொந்தரவா இருக்க வேணாம்னு நானும் ஒதுங்கி இருந்தேன்."

பூசணி குச்சியைப் பார்த்தாள். குச்சி கூரையைப் பார்த்தாள்.

டிரைவர் மடித்தது கோணலாகத்தான் வந்தது. ஒரு மூலை நாக்கு மாதிரி வெளியே தொங்கியது. பூசணி அதைப் பிரித்து மறுபடி மடிக்கக் கை வைத்தாள். வைத்த கையை எடுத்துக்கொண்டு, "அடுத்தது எடுங்க," என்றாள்.

குச்சி ஃபோனை மேசையிலேயே விட்டுவிட்டுப் பின்னறைக்குப் போய்ப் படுத்தாள். வந்த நாளிலிருந்து முதல் தடவையாகக் காலை நீட்டினாள். வெளியே பூசணியின் குரல் கேட்டது.

"வாங்க, வாங்க, வாங்க... ரைட். ஹோல்டான்!"

"நானா டிரைவர், நீயா?"

"பேசாம பின்னாடி போங்க. ஏய் குச்சி, உன் ஃபோன் அடிக்குதுடி! உன் தம்பி!"

"வேலை கிடைச்சிடுச்சுன்னு நீயே சொல்லிடு," என்று சொல்ல நினைத்தாள். நாக்கு எழவில்லை.

"தூங்கிட்டா போலிருக்குங்க."

"தூங்கட்டும். உன் மூலையைப் பிடி, கோணுது பார்."