இரண்டு பக்கமும் ஒரே சத்தம்

மூன்றாவது ப்ரீ-ஆம்பும் சரிவரவில்லை. அதைப் பழைய துவாயில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு வெள்ளவத்தையில் பஸ் ஏறினேன். றிம்ஸான் நானாவின் கடை மாளிகாவத்தையில், மாடிவீட்டுத் தொடர் ஒன்றுக்குக் கீழே. கொண்டுபோய் வீட்டில் போட்டுக் கேளுங்கள், பிடித்தால் காசு, பிடிக்காவிட்டால் கீறல் இல்லாமல் திருப்பித் தாருங்கள் என்பது அவருடைய வியாபாரம். இரண்டு கிழமையாக நான் அந்த நல்ல மனதைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் மேல்மாடியில் இருந்த சந்திரகுமார் அங்கிள் மகளிடம் கனடாவுக்குப் போகும்போது தன் டேர்ன்டேபிளையும் நாற்பது இசைத்தட்டுகளையும் என்னிடம் விட்டுப்போனார். எனக்குப் பாட்டில் பெரிய பைத்தியம் இல்லை. வேலையை விட்டவனுக்குப் பகலில் செய்ய ஏதாவது வேண்டும் என்று நினைத்திருப்பார். ஊசி எடுத்துத் தருகிற சத்தம் எறும்பு நடக்கிற அளவு. அதைத் தூக்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்க நடுவில் ஒரு சின்னப் பெட்டி வேண்டும். அதுதான் போனோ ப்ரீ-ஆம்ப். சீனத்துப் பிளாஸ்டிக்கிலும் உண்டு, மோட்டார் சைக்கிள் விலையிலும் உண்டு. கொடுக்கிற காசுக்கு ஆகத் திறமானது எது என்று ஊர்பேர் தெரியாத ஆட்கள் இணையத்தில் பிடித்த சண்டைகளையெல்லாம் வாசித்து முடித்தேன்.

முதல் பெட்டியில் வலப்பக்கம் சத்தம் குறைவாக இருந்தது. மலிவுச் சாமான், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். இரண்டாவது அதைவிட இரட்டை விலை. வலப்பக்கம் குறைவு. மூன்றாவது அலுமினிய உடம்பு, கையில் கனத்தது. வலப்பக்கம் குறைவு.

இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று கடையில் மாற்றித் தரக்கூடியது. மற்றது, கோல் சென்டரில் ஆறு வருஷம் இரவு வேலையில் நான் மாட்டியிருந்த ஹெட்செட். ஒற்றைக் காது ஹெட்செட். வலது காது வாடிக்கையாளருக்கு, இடது காது சூப்பர்வைசருக்கு. அமெரிக்காவின் பகல் முழுவதும் என் வலது காதுக்குள் கத்தியது. வந்த புதிதில் சத்தத்தைக் கூட்டி வைத்தேன், பிறகு குறைக்கவே இல்லை. பங்குனியில் ஒரு நாள் ஷிப்டின் நடுவில் எழும்பி வந்துவிட்டேன். ப்ரீ-ஆம்ப் தேடிய இதே போனில் அதற்கு முதல் ஒரு தடவை காதைப் பற்றியும் தேடியிருக்கிறேன். உள்ளே இருக்கிற நுண்ணிய மயிர்கள் செத்தால் திரும்ப முளைக்காது என்று இருந்தது. அந்தப் பக்கத்தை மூடிவிட்டுப் பெட்டிகளைப் பற்றி வாசிக்கப் போனேன்.

றிம்ஸான் நானா துவாயைப் பார்த்ததுமே சிரித்தார்.

"மூணாவது பொண்ணையும் வேணாங்குறீங்களா தம்பி? இவளுக்கு என்ன கொற?"

"வலப்பக்கம் சத்தம் குறைவு நானா."

கடையில் அவரிடம் சொந்தமாக ஒரு டேர்ன்டேபிள் இருந்தது. என் பெட்டியை அதில் பூட்டி, பழைய மோனோ தட்டு ஒன்றைப் போட்டார். மோனோ என்றால் இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே சத்தம், பொய் சொல்லாது என்றார். என்னை ஸ்பீக்கர்களுக்கு முன்னால் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தினார். எது குறைவு என்று கேட்டார். வலம் என்றேன். பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு இரண்டு வயர்களையும் மாறிக் குத்தினார். பெட்டியில் பிழை என்றால் இப்போது இடப்பக்கம் குறைய வேண்டும். எது என்று கேட்டார். வலம்தான் என்றேன்.

பிறகு, கதிரையைத் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி உட்காரச் சொன்னார். முன்னால் சுவரில் ஒரு கலண்டர் மட்டும் இருந்தது.

"இப்ப எந்தப் பக்கம் தம்பி?"

"வலம்" என்று சொன்ன பிறகுதான் விளங்கியது. ஸ்பீக்கர்கள் இரண்டும் வைத்த இடத்தில் இருந்தன. திரும்பியது நான் மட்டும்.

றிம்ஸான் நானா ஊசியைத் தூக்கினார். எவ்வளவு நாளாக என்று கேட்டார். தெரியாது என்றேன். பொரளையில் ஒரு காது டொக்டர் இருக்கிறார், தன் மச்சானை அவரிடம்தான் காட்டியது என்றார். மச்சானுக்குச் சரிவந்ததா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அலுமினியப் பெட்டியை உள்ளே வைத்துவிட்டு, அலுமாரியிலிருந்து முதல் பெட்டியை எடுத்துத் துடைத்தார்.

"அப்ப ஒங்களுக்கு இந்தச் சின்னதே போதும் தம்பி. மத்ததுக்கு சல்லி குடுக்குறது வீண்."

நேர்மையான வியாபாரி. வேறு ஒருவன் என்றால் விலை கூடியதைத் தலையில் கட்டியிருப்பான், நானும் இன்னும் ஒரு கிழமை நிம்மதியாக இருந்திருப்பேன்.

பின்னேரம் பம்பலப்பிட்டியில் வேலை முடிந்து தங்கச்சி மேனகா வந்தபோது தட்டு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கோப்பை தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து என் கதிரைக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் இருந்தாள்.

"எதை எடுத்தனீங்கள் அண்ணா?"

"சின்னதை."

"அப்ப விலை கூடினது திறமில்லையோ?"

"எல்லாம் ஒண்டுதான்."

கோப்பையை வைக்கக் குனிந்தபோதுதான் கண்டேன். கதிரைக்கு வலப்பக்கம், சிவப்புப் பொலிஷ் போட்ட நிலத்தில், வெளிறிப்போன நாலு சின்ன வட்டங்கள். ஸ்டூல் கால்களின் அடையாளம். ஸ்டூல் இப்போது இடப்பக்கம் இருந்தது. அந்தப் பக்கமும் நிலம் தேய்ந்திருந்தது.

"இது எப்ப இஞ்சாலை வந்தது?"

அவள் தேத்தண்ணியை ஊதினாள். "தைப்பொங்கலுக்கு முதலே. அங்கால இருந்து கதைச்சால் நீங்கள் சும்மா தலையைத்தானே ஆட்டுறனீங்கள்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால்?"

எழும்பிப் போய் வலப்பக்க ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வந்து அந்த நாலு வட்டங்களின் மேல் வைத்தேன். கதிரையில் இருந்து இடது காதை விரலால் அடைத்தேன். வலது காதுக்கும் ஸ்பீக்கருக்கும் ஒரு முழம். பாட்டு அடுத்த வீட்டில் ஓடுவதுபோலக் கேட்டது. சத்தத்தைக் கூட்டினேன். அடுத்த வீடுதான். இன்னும் கூட்டினேன். ஸ்பீக்கரின் கறுப்புத் துணி அடித்துக்கொள்வது கண்ணுக்குத் தெரிந்தது.

இடப்பக்கத்தில் மேனகா கோப்பையை நிலத்தில் வைத்தாள். இரண்டு உள்ளங்கைகளாலும் காதுகளைப் பொத்திக்கொண்டாள். ஸ்டூலைவிட்டு எழும்பவில்லை.