வாயால சொல்லுங்க

நீதிமன்றத்தில் அவருக்கு ‘வாய்மொழி’ என்று பெயர். வக்கீல்கள் வைத்த பட்டப்பெயர். கூண்டில் நிற்கும் சாட்சி தலையை ஆட்டினால் போதும், சுருக்கெழுத்து மேசையிலிருந்து குரல் வரும்: “தலையாட்டினா எழுத முடியாது. வாயால சொல்லுங்க.” சாட்சி அழுதாலும் சரி, வெலவெலத்துப் போனாலும் சரி, அவர் நிமிர்ந்து பார்த்ததில்லை. அழுகைக்குச் சுருக்கெழுத்தில் குறி கிடையாதே! யாரும் ஆட்சேபம் என்று வாய் திறக்கவில்லையா, ஆட்சேபம் இல்லை. இந்தச் சாமர்த்தியத்தை மெச்சித்தான் வேறு ஊரிலுள்ள மேல் நீதிமன்றத்துக்குப் பதவி உயர்வு கொடுத்துக் கூப்பிட்டிருந்தார்கள்.

வீட்டிலும் அதே நடைமுறைதான். உத்தரவு வந்த அன்று மனைவியிடம் சொன்னார்: “மாத்தல் வந்திருக்கு. போறோம். உனக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்லையே?” அவள் கையிலிருந்த கார் சாவியை ஆணியில் மாட்டினாள். ஒன்றும் சொல்லவில்லை. இவர் ‘ஆட்சேபம் இல்லை’ என்று மனத்துக்குள் எழுதிக்கொண்டார். விசாரணை முடிந்தது.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவள். பழைய கார் ஒன்றை வைத்துத் தனியாளாகத் தொடங்கி, இப்போது மூன்று கார் ஓடுகிறது. உத்தரவு வந்த மறுவாரமே பள்ளிக்குப் புதுப் பெயர்ப்பலகை மாட்டினாள். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது யார் என்கிறீர்கள்? சாட்சாத் இவரேதான். “இடது பக்கம் கொஞ்சம் தூக்கு” என்று யோசனை வேறு. ஊரைக் காலி பண்ணப் போகிறவள் எதற்குப் பலகை மாட்டுகிறாள் என்பது அந்த மண்டையில் உறைக்கவேயில்லை.

இந்த அழகில் ஐயாவுக்கு ஒரு கார்ட்டூன் பைத்தியம். சாயங்காலம் இருவரும் சாப்பாட்டுத் தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். துறைமுகத்தில் காவல் காக்கும் இயந்திர மனிதன் ஒருவன், தகரத்தலையன் என்று பெயர். கூடவே ஓர் ஒற்றைக்கண் பூனை. தகரத்தலையன் ஓயாமல் பேசுவான். பூனை மூச்சு விடாது. “என்ன பேச்சு பேசறான் பாரு!” என்று இவர் தொடையைத் தட்டிச் சிரிப்பார். அவள் பூனையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் தகரத்தலையனுக்குப் படகு ஒன்று கிடைத்தது. “நான் கெளம்பறேன். நீயும் வர்றதானே?” என்று பூனையைக் கேட்டான். அத்தோடு தொடரை நிறுத்திவிட்டார்கள். பார்க்க ஆளில்லையாம்.

இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நீதிமன்ற வராந்தாவில் புலம்பியபோது ஒரு ஜூனியர் வக்கீல் சொன்னான்: “சார், அது மொதல்ல காமிக்ஸா வந்ததுதான். முடிவு அதுல இருக்கு.”

“பொம்மைப் புத்தகமா? எனக்கென்ன பால் குடிக்கிற வயசா?” என்று முகத்தைச் சுளித்தார். சுளித்துவிட்டு அன்று மாலையே கடைக்குப் போய் நின்றார்.

குறுகலான படியேறினால் சின்னக் கடை. நரை விழுந்த ஆட்கள் பக்கத்துக்குப் பக்கம் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். வேலைவெட்டி இல்லாத கூட்டம் என்று முடிவு கட்டினார். கடைக்காரப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்து, டிக்கெட் எடுக்காமல் ஏறியவரைப் பிடித்ததுபோல் கேட்டாள்: “டிவியில பாத்துட்டு வர்றீங்களா?”

“கடைசிப் புத்தகம் மட்டும் குடும்மா. முடிவு தெரிஞ்சா போதும்.”

“அதுல பேச்சு கம்மி சார். நிதானமா பாருங்க.”

“எனக்குப் படிக்கத் தெரியும்மா.”

படித்த லட்சணத்தைக் கேளுங்கள். பேருந்து நாலு நிறுத்தம் தாண்டுவதற்குள் புத்தகம் முடிந்துவிட்டது! கண் ஒரு வசனத்திலிருந்து அடுத்த வசனத்துக்குத் தாவியது. படம் இருக்கும் இடமெல்லாம் அவருக்கு வெற்றிடம். கடைசியில் பக்கம் பக்கமாக வசனமே இல்லை. விரலை எச்சில் தொட்டுச் சரசரவென்று தள்ளினார்.

வீட்டுக் கூடமெங்கும் கட்டி வைத்த அட்டைப்பெட்டிகள். மனைவி இரண்டு வகுப்புகளுக்கு இடையில் வந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

“முடிவு தெரிஞ்சுபோச்சு. பூனையும் கூடப் போயிடுது. பாதிப் புத்தகத்துல ஒரு எழுத்து கெடையாது, பகல் கொள்ளை!”

“போகுதுன்னு யாரு சொன்னா?”

“வர்றதானேன்னு கேக்கறான். பூனை மாட்டேன்னு சொல்லலையே. படகு கெளம்பிடுது. அப்புறம் என்ன?”

அவள் புத்தகத்தை வாங்கி, அவர் தள்ளிவிட்டு வந்த பக்கங்களை மடியில் விரித்து வைத்தாள். தகரத்தலையன் கடலைப் பார்த்தபடி வாய் திறந்து பேசிக்கொண்டு போகிறான். பக்கத்து இருக்கை காலி. திரும்பிப் பார்த்தால் தெரியும், அவன் திரும்பவில்லை. பூனை கரையில் இருக்கிறது. படத்துக்குப் படம் சின்னதாகிக்கொண்டே போகிறது.

“அட, ஏறவேயில்லையா!” கோட்டைவிட்டதில் அவர் முகம் சிவந்தது. உடனே சமாளித்தார். “பாவம், அவனையே பாத்துக்கிட்டு நிக்குது. எப்படி ஏங்குது பாரு.”

“நல்லா பாருங்க. பூனை எங்க பாக்குது?”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். கடைசிப் படத்தில் கடலுக்கு முதுகு. வாலை நிமிர்த்திக்கொண்டு, அந்த ஒற்றைக்கண் ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஏக்கமாவது, மண்ணாவது!

“இதென்ன அநியாயம்? மாட்டேன்னு வாயத் திறந்து சொன்னா என்னவாம்?”

அவள் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். “இத்தனை பொட்டி கட்டியிருக்கே. என்னோடது எதுல இருக்குன்னு சொல்லுங்க.”

அவர் சுற்றிப் பார்த்தார். ஒவ்வொரு பெட்டிமேலும் அவர் கையெழுத்துதான். அவர் சட்டைகள், அவர் கோட்டுகள், அவர் புத்தகங்கள். அவள் செருப்புகள் செருப்பு அலமாரியில் இருந்தன. அவள் புடவைகள் கொடியில் காய்ந்தன. சாவி ஆணியில் தொங்கியது. எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன.

“அப்போ… நீ வரலையா? வாயால சொல்லும்மா.”

நீதிமன்றத்துக் குரல் எங்கேயோ ஓடிப்போயிருந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வேறு வழியில்லாமல் மகாராசன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். கோபத்தைத் தேடினார், இல்லை. ஒரு சொட்டுக் கண்ணீராவது இருந்திருந்தால், ‘நானும் போகலை’ என்று சொல்லியிருப்பார். அதுவும் இல்லை. அவள் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே, அடுத்த வகுப்புக்கு வந்த பெண் பள்ளியின் இன்னொரு காரைப் பின்னால் எடுக்கிறேன் என்று கோணல்மாணலாகச் சுவரை நோக்கிக் கொண்டுபோனாள்.

மனைவி எழுந்து சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அவர் காதில் விழுந்தது அந்தக் கூப்பாடு மட்டும்தான்:

“கண்ணாடியப் பாரும்மா! பின்னாடி என்ன இருக்குன்னு பாக்காமயே போனா எப்படி?”

அதையும் அவரிடம் சொல்லவில்லை.