பதினான்காம் நகர்த்தல்

மாவட்டச் சதுரங்க அணியில் ஓரிடம் மட்டுமே எஞ்சியிருந்தது. கடைசிச் சுற்றில் அதற்காக என்னையும் என் அக்காளின் கணவரையும் எதிரெதிரே அமர்த்தியிருந்தார்கள். மூன்று ஆண்டுகளாக அரைப் புள்ளியில் அவ்விடத்தைத் தவறவிட்டவர் அவர். நாற்பதைக் கடந்தவருக்கு இன்னொரு வாய்ப்பு வருமா என்பது ஐயமே.

கறுப்புக் காய்களுக்கென்று ஒரு சிசிலியன் தொடக்கத்தை, என் மருந்துக் கடையின் பின்னறையில் ஐந்து மாதங்களாக நாங்கள் இருவரும் சேர்ந்து உருவாக்கியிருந்தோம். பதின்மூன்று நகர்த்தல்கள் வரை கண்ணை மூடிக்கொண்டு ஆடுவோம். அதில் ஓர் ஓட்டை இருப்பதைச் சென்ற வாரம் தற்செயலாகக் கண்டேன். பதினான்காவதில் வெள்ளை தன் மந்திரியைப் பலி கொடுத்தால் கறுப்பு ராஜாவுக்குப் போக்கிடம் இல்லை. அவரிடம் சொல்ல வேண்டுமென்றே எண்ணினேன், சொல்லவில்லை. தகுந்த காரணம் எதையும் கூற இயலாதவனாக இருக்கிறேன்.

எனக்கு வெள்ளை கிடைத்தது.

“என்ன மாப்ளே, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?” என்றார். “நம்ம சமையலை எனக்கே பரிமாறிடாத. உப்பு எவ்வளவுன்னு எனக்கும் தெரியும்.”

“போங்க மச்சான்.”

வேறு விதமாகத் தொடங்கியிருக்கலாம். ஆயினும் எங்கள் சிசிலியனுக்கு வழிவிடும் ராஜாவின் சிப்பாயையே இரண்டு கட்டம் தள்ளினேன். அவர் சற்றும் தயங்காமல் ஆடினார். பதின்மூன்றாவதை ஆடிக் கடிகாரத்தைத் தட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனார். ஆபத்தில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே அவர் அப்படி எழுவார்.

அவர் இல்லாதபோது மந்திரியைக் கொடுத்தேன்.

திரும்பி வந்தவர் நாற்பது நிமிடம் பலகையையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கை நீட்டித் தோல்வியை ஏற்றார்.

வராந்தாவுக்கு வந்ததும் மெதுவாகக் கேட்டார்: “எப்பக் கண்டுபிடிச்ச?”

“செவ்வாய்க்கிழமை.”

“வியாழக்கிழமை இதே லைனை ஒரு மணி நேரம் ஆடினோமே.”

“ஆமா மச்சான்.”

“அப்ப பதினாலாவதுல நீ குதிரையை நகத்தின.”

அவர் சட்டைப் பையிலிருந்து தம் ஸ்கூட்டர் சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

“நீ வண்டியை எடுத்துட்டுப் போ. கோப்பையத் தூக்கிட்டு பஸ்ல நிக்க முடியாது.”

“நீங்க?”

“உங்க அக்கா போன் பண்ணினா, நான் தோத்துட்டேன்னு மட்டும் சொல்லு. மீதியைச் சொல்லாத. அவ தம்பின்னா அவளுக்கு உசுரு.”

படியிறங்கிப் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார். உள்ளே கோப்பை வாங்க வரும்படி ஒலிபெருக்கி என் பெயரை அழைத்தது.