புத்திர பௌத்திர பாரம்பரியமாய்

சொந்த வீட்டைப் பெண்டாட்டி பேருக்கு எழுதிவைப்பதில் குழப்பத்துக்கு இடமே இல்லை என்றுதான் நடனசபாபதி நினைத்திருந்தார். இடமில்லாத இடத்திலும் குழப்பத்துக்கு நாற்காலி போட்டு உட்காரவைக்கிறவர் அவர். அது அவருக்கே தெரியும். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து ஒரே கவலை: தமக்குப் பிறகு ஜோதிலட்சுமியை யாரும் வீட்டைவிட்டுக் கிளப்பிவிடக் கூடாது.

சிதம்பரத்தில் பத்திரம் எழுதும் வைத்திலிங்கம், முழுவதும் வாசித்துக் காட்டாமல், எழுதிக் கொடுப்பவரையும் சரி, வாங்கிக்கொள்பவரையும் சரி, கையெழுத்துப் போட விடமாட்டார். வாசித்தார்.

"…புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது."

ஜோதிலட்சுமி எழுந்து வெளியே போய்விட்டாள்.

நடனசபாபதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. புத்திரன் என்றால் மகன், பௌத்திரன் என்றால் பேரன். நமக்குத்தான் பிள்ளையே இல்லையே, அப்படியானால் வீடு இவளுக்குச் செல்லாதோ? செல்லாவிட்டால் யாருக்கு? கடலூர் மஞ்சக்குப்பத்தில் வக்கீலாக இருக்கும் மச்சான் இளவரசுவுக்குப் போன் போட்டார்.

"அட மாமா, புள்ள இருக்கணும்னு அதுக்கு அர்த்தமில்ல. வீடு முழுசா அக்காவுக்கு. விக்கலாம், யாருக்கு வேணா குடுக்கலாம், ஒருத்தனும் குறுக்க வர முடியாது. அவ்ளோதான்."

"அதையே எழுதித் தொலைக்கலாமே மச்சான்?"

"எழுதலாம். எழுத மாட்டாங்க."

வைத்திலிங்கமும் மாட்டார். "அந்த வரி இல்லன்னா பத்திரம் மொட்டையா நிக்கும் சார்."

வெளியே, வேப்பமரத்தடியில் நின்றவளிடம் சட்டம் பூராவையும் ஒப்பித்தார்.

"அர்த்தம் எனக்கும் தெரியுங்க," என்றாள். "காதால கேக்கத்தான் முடியல. நான் கையெழுத்துப் போடல."

இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவர், இதற்குப் போய் மச்சானைக் கேட்டிருக்கிறார்.

"இன்னொரு தடவ உள்ள வா. நான் பாத்துக்கறேன்," என்றார். எதைப் பார்த்துக்கொள்வது என்று அவருக்கே தெரியவில்லை.

நடுவில் எழுந்து போனதால் முதலிலிருந்து வாசிப்பதுதான் முறை என்றார் வைத்திலிங்கம். அந்த வரி நெருங்கியதும் நடனசபாபதிக்கு இருமல் வந்தது. ஸ்டென்ட் கழன்று மேஜையில் விழுந்துவிடுவது போன்ற இருமல். வைத்திலிங்கத்தின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. 'ஆண்டு அனுபவித்து' வந்தபோது இருமல் சட்டென்று நின்றது.

"எப்பலேந்து இந்த இருமல்?" என்றாள் ஜோதிலட்சுமி.

"எங்கப்பாவுக்கும் இருந்துச்சி. பரம்பரையா வருது."

"அப்ப ஒங்களோட முடிஞ்சிது."

சொன்ன பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, பேனாவுக்குக் கையை நீட்டினாள்.