ஊமச்சி என்று சொன்னது யார்

ஆலங்காயத்துப் பேச்சுப் பயிற்சி மையத்தில் கௌசர் டீச்சர், "உன் பேரு என்ன?" என்று கேட்டதும், நான்கு வயதுத் தமிழரசி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு பளிச்சென்று சொன்னாள்: "ஊமச்சி."

அம்மா பாஞ்சாலைக்கு உயிர் போய் உயிர் வந்தது. பிறவியிலேயே காது கேட்காத மகளுக்கு ஆபரேஷன் முடிந்து, காதில் மிஷின் மாட்டி ஒரு வருஷமாகிறது. கூப்பிட்டால் மகள் திரும்பிப் பார்க்க வேண்டும், அவள் ஆசைப்பட்டது அது ஒன்றுதான். அதற்காகத்தான் வாராவாரம் ஜவ்வாது மலையிலிருந்து, வளைவுக்கு வளைவு வாந்தியெடுக்கும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் இறங்கி வருகிறாள். வந்த பலன் இதுவா?

டீச்சருக்கோ முகமெல்லாம் சிரிப்பு. "நாம சொல்லிக் குடுக்காத வார்த்தைங்க இது! வூட்டுல யாரோ பேசறத தானாவே காதுல வாங்கியிருக்குது. ரொம்ப நல்ல சேதிங்க."

யாரோ. அந்த ஒரு சொல் பாஞ்சாலையின் மண்டையைக் குடைந்தது. பஸ் மலையேறுவதற்குள் ஆளையும் பிடித்துவிட்டாள். ஓரகத்தி சசிகலாதான். பாஞ்சாலை சாமைக் கொல்லைக்குப் போகும்போதெல்லாம் பிள்ளை அவள் வீட்டில்தானே கிடக்கிறது!

தான் நடத்தும் பாடத்தில் பாஞ்சாலைக்கு அத்தனை நம்பிக்கை. டீச்சர் சொன்னபடி தினமும் மகளின் முதுகுக்குப் பின்னால் நின்று "தமிழரசி" என்பாள். சத்தம் கேட்டதும் பிள்ளை ஒரு புளியங்கொட்டையை எடுத்துக் கிண்ணத்தில் போடும். ஒரு தரம்கூடத் தப்பியதில்லை. நல்ல பேரை நாம் சொல்லிக் கொடுக்க, கெட்ட பேரை நுழைத்தவள் வேறு யாராக இருக்க முடியும்?

அன்றிலிருந்து சசிகலா எது செய்தாலும் குற்றம். சிரித்தால், என் மகளைப் பார்த்துச் சிரிக்கிறாள். வாயை மூடினால், இத்தனை நேரம் சொல்லிவிட்டு இப்போது மூடிக்கொண்டாள். விறகு பொறுக்கும் சாக்கில் பாஞ்சாலை வேலியோரம் நின்று ஒட்டுக்கேட்டாள். "பாப்பா, சோறு துன்றியா?" என்பதைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. கள்ளி, நாம் நிற்பது தெரிந்துதான் நடிக்கிறாள்.

கடைசியில் பொறுக்க மாட்டாமல் தெருவிலேயே மறித்துக் கேட்டுவிட்டாள். "இன்னாடி, எம் பொண்ணுக்கு ஊமச்சின்னு பேரு வெச்சது நீதான?"

"நானா? அந்தப் புள்ளய அப்பிடிச் சொல்லுவனாக்கா? இன்னாக்கா பேசற நீ?" சசிகலாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"நீலிக் கண்ணீர் வடிக்காத. உன்ன வுட்டா வேற யாரு?"

இவர்கள் இப்படி நிற்க, புளி மூட்டை ஏற்ற வந்த மினி லாரி பின்பக்கமாகவே தெருவுக்குள் நுழைந்தது. அதற்கு நேராக, முதுகைக் காட்டிக்கொண்டு, தமிழரசி கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஓடிப் பிடிக்கிற தூரமில்லை.

"தமிழரசி!" பாஞ்சாலை அலறினாள்.

பிள்ளைக்கு நன்றாகவே கேட்டது. ஆனால் திரும்பவில்லை. குனிந்து தரையில் புளியங்கொட்டையைத் தேடியது. அம்மா பழக்கியது அதுதானே! தமிழரசி என்றால் கொட்டையை எடுத்துப் போட வேண்டும். அது தன்னைக் கூப்பிடும் பேர் என்று யார் சொன்னார்கள்?

"தமிழரசி! தமிழரசி!" லாரி நெருங்கிவிட்டது. பாஞ்சாலையின் வாயிலிருந்து தானாக வந்து விழுந்தது: "ஏய் ஊமச்சி!"

பிள்ளை சட்டென்று திரும்பியது. அம்மாவைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டது. லாரி அந்த இடத்தைத் தாண்டிப் போய் நின்றது.

எல்லாம் மகளுக்குக் காது கேட்காத காலத்துப் பழக்கம். அடுப்பைப் பார்த்து உட்கார்ந்து தன் தாயிடம் ஃபோனில் புலம்பும்போதெல்லாம், மகள் பக்கம் கையை நீட்டி, "இந்த ஊமச்சிய வெச்சிக்கினு நான் இன்னா பண்ணுவேன்" என்பாள் பாஞ்சாலை. பின்னால் இருக்கும் பிள்ளைக்குக் கேட்கவா போகிறது என்ற தைரியம். மிஷின் வந்த பிறகும் அந்தத் தைரியம் போகவில்லை. கூப்பிட்டதும் மகள் திரும்பிவிட்டாள், அந்தச் சந்தோஷத்தை எந்த முகத்தை வைத்துக்கொண்டு படுவது என்று தெரியாமல் பாஞ்சாலை நடுத்தெருவில் அழுதாள்.

தமிழரசி அம்மாவின் முகத்தை அண்ணாந்து பார்த்து, கூப்பிட்டாயே என்பதுபோல் கேட்டாள்: "ஆங்?"